கல்குட்டை வளைவில் இரண்டு நொடி

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலை முழுவதும் வீண்.

சர்வர் அறைக் கதவுக்கு வாழைக்கன்று. கணினித் திரைக்குச் சந்தனப் பொட்டு. ஓட்டுநரே இல்லாத ரயிலின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். கன்ட்ரோல் ரூமில் யாரோ பொத்தானை அழுத்த, ரயில் தானாக நகர்ந்து பழத்தை நசுக்கியது. கைதட்டினார்கள். ஆறு வருடம் ரேடியோ அலைகளைப் படித்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வண்டியில் ஏறி தடம் நெடுகப் போனோம். தண்டவாளத்தின் ஓரத்தில் ரேடியோ கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதுதான் ஆன்டெனா. என் பொறுப்பில் பதினான்கு கம்பங்கள். பதினான்குக்கும் பொட்டு. பதின்மூன்றுக்குப் பூமாலை. கடைசிக் கம்பத்தில், கல்குட்டை வளைவில், பூ தீர்ந்துவிட்டது. வண்டியில் கிடந்த வெள்ளி ஜிகினா மாலையை யாரோ எடுத்து அதற்குப் போட்டார்கள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். திருச்சியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. "என்ன ஆதிரை, ரயிலுக்குப் பொட்டு வெச்சாச்சா?" என்றார். சிரித்தேன். அவங்க வெச்சாங்கப்பா என்றேன்.

பொரி இன்னும் பையில் கிடக்கிறது. எறும்பு வரும்.

அக்டோபர் 14, திங்கள். நாள் 1

சோதனை ஓட்டம் ஆரம்பம்.

விதி எளிது. ரயிலும் கன்ட்ரோல் ரூமும் ரேடியோவில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் பேச்சு அறுந்தால் ரயில் தானே பிரேக் போட்டு நின்றுவிடும். ஆபத்தில்லை, ஆனால் நிற்கும். தொடர்ந்து முப்பது நாள் ஒரு தடவைகூட அறுபடாமல் ஓடிக் காட்டினால்தான் பயணிகளை ஏற்ற அனுமதி. நடுவில் ஒரு தடவை அறுந்தாலும் மறுபடி முதல் நாள்.

அதுவரை இருக்கைகளில் மணல் மூட்டைகள். முதல் பெட்டியில் ஸ்டெல்லா அக்கா. ஒன்பது வருடம் வேறு தடத்தில் ரயில் ஓட்டியவர். இப்போது உட்கார்ந்திருப்பது மட்டும்தான் அவர் வேலை. ரயில் நின்றால் எனக்கு போன் செய்ய வேண்டும்.

இன்று போன் வரவில்லை.

அக்டோபர் 16, புதன்

வந்தது. காலை 10.40. தூறல்.

"ஆதிரை, உன் புள்ள நடுவழியில உக்காந்துடுச்சு. ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது."

கல்குட்டை வளைவு. 2.9 நொடி. கம்பம் 14.

மறுபடி நாள் 1.

அக்டோபர் 17, வியாழன்

மழை. இரண்டு தடவை. அதே இடம்.

அக்டோபர் 19, சனி

பேச்சிமுத்து அண்ணனைக் கம்பம் 14-இல் ஏறச் சொன்னேன். என் பகுதியில் கேபிள் இழுத்து, அதை ஆன்டெனாவோடு இணைக்கும் கனெக்டரைப் பொருத்தியது அவர்தான். திருநெல்வேலிக்காரர். கான்ட்ராக்டரின் ஆள். அதிகம் பேச மாட்டார். ஸ்பேனரை வேட்டி மடிப்பில் வைப்பது போல பேண்ட் இடுப்பில் செருகிக்கொள்வார்.

ஆன்டெனாவில் கிடந்த மாலையைக் கழற்றி, வைக்க இடமில்லாமல் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். எதிர்த் தடத்தில் மெதுவாகப் போன ரயிலிலிருந்து ஸ்டெல்லா அக்கா பார்த்துவிட்டு, "மாப்ள ரெடி, பொண்ணு எங்கடி?" என்று போன் செய்தார்.

கனெக்டரைப் பிரித்தார். உள்ளே காய்ந்து சுத்தமாக இருந்தது. திரும்பப் பொருத்தி, தண்ணீர் புகாத டேப் சுற்றினார். மீட்டரில் பார்த்தேன். அலையின் அளவு பிரமாதம். பாடப்புத்தகத்தில் போடலாம்.

மாலையைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கினார்.

அக்டோபர் 22, செவ்வாய்

3.4 நொடி. காற்று.

எதுவும் எழுதத் தோன்றவில்லை. வாளியில் மூன்று நாள் துணி ஊறுகிறது.

அக்டோபர் 23, புதன்

மேலதிகாரி தனபால் சாருக்கு ஒரு கருத்து. வளைவை ஒட்டியிருக்கும் அடுக்குமாடியின் வைஃபை நம் அலையில் குறுக்கிடுகிறதாம். நம் அலைவரிசை வேறு என்றேன். போய்ப் பார் என்றார்.

நாற்பத்திரண்டு கதவுகளைத் தட்டினேன். கையில் மீட்டர், கழுத்தில் அடையாள அட்டை. மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும், பத்து நாளாகப் புகார் கொடுத்தும் இப்போதுதான் வருகிறீர்களா என்று சத்தம் போட்டார். நான் ரயில் என்றேன். நெட் வரலேன்னா ரயில்ல போகச் சொல்றியா என்றார். கடைசியில் அவர் வீட்டு வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டு சரிசெய்து கொடுத்தேன். டீ கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

குறுக்கீடு எதுவும் இல்லை.

அக்டோபர் 26, சனி

இரண்டாம் தடவை ஏற்றம். கனெக்டர், கேபிள், பெட்டி எல்லாம் சரி. பேச்சிமுத்து அண்ணன் ஏணியில் இருக்கும்போதே அளவெடுத்தேன். பிரமாதம்.

பிரமாதம் என்ற சொல்லே பிடிக்காமல் போய்விட்டது.

அக்டோபர் 28, திங்கள்

இரண்டு தடவை. பலத்த காற்று.

"சொல்லு, மறுபடியும் நாள் ஒண்ணா?" என்றார் ஸ்டெல்லா அக்கா. "காலண்டர்ல எனக்கு ஒண்ணாந்தேதி மட்டும்தான்டி தெரியும்."

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. நேற்று ஒன்று, இன்று ஒன்று. இரண்டும் ஈரக்காற்றில்.

நவம்பர் 4, திங்கள்

மூன்றாம் தடவை. தனபால் சாரே தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பேச்சிமுத்து அண்ணன் ஏறினார், கழற்றினார், காட்டினார், பொருத்தினார். மீட்டர் எப்போதும்போல். சார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.

"இவன் மேல இருக்கும்போது நல்லாருக்கு. கீழ வந்தா கெட்டுப்போகுது. அப்படித்தானே?"

மீட்டரைப் பையில் வைத்தேன். பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. இப்போது தெரிகிறது. அன்றைக்கு எரிச்சல்தான் இருந்தது. (இந்தக் கடைசி மூன்று வரிகளைப் பிறகு சேர்த்தேன்.)

நவம்பர் 5, செவ்வாய்

மழை. நாலு தடவை. ஒரே நாளில் இவ்வளவு இதற்கு முன் இல்லை.

நவம்பர் 6, புதன்

தனபால் சாரின் முடிவு. மழையிலும் ஈரக்காற்றிலும் மட்டும் அறுபடுகிறது. ஆகவே கனெக்டருக்குள் தண்ணீர் புகுகிறது. ஆகவே டேப் சரியாகச் சுற்றவில்லை. பிரித்துப் பார்த்தபோதெல்லாம் காய்ந்திருந்ததே என்றேன். வெயிலில் பிரித்தால் காய்ந்துதான் இருக்கும் என்றார்.

இன்னும் ஒரு வாரம் கேட்டேன்.

"ஆதிரை, காரணத்தைக் கண்டுபிடிக்கிறது ஒரு வேலை. காரணத்தை எழுதறது இன்னொரு வேலை. எனக்கு இன்னைக்கு ரெண்டாவது வேணும்."

எழுதினேன். கம்பம் 14. பணியாளரின் பொருத்துதல் குறைபாடு. கையெழுத்து: ஆதிரை. மறுக்க என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

நவம்பர் 7, வியாழன்

பேச்சிமுத்து அண்ணனின் நுழைவு பாஸை வாங்கிக்கொண்டார்கள். பாஸ் இல்லாவிட்டால் தடத்தில் கால் வைக்க முடியாது. கான்ட்ராக்டர் வேறு வேலை தருவாரா என்பது அவருக்கே தெரியவில்லை. தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுக்க என் மேசைக்கு வந்தார்.

"மேடம், டேப் சுத்துறதுல நான் தப்பு பண்ண மாட்டேன். மூணு சுத்து. மூணு தடவையும் மூணு சுத்து."

சரிண்ணா என்றேன். அந்தச் 'சரி' எதற்கு என்று நாள் முழுக்க யோசித்தேன். தலைக்கவசத்துக்குள் துணி மடித்து வைத்திருந்தார், தலைக்கு உறுத்தாமல் இருக்க. அதை எடுக்க மறந்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 9, சனி

கான்ட்ராக்டர் புதிய ஆளை அனுப்பினார். இருபத்தைந்து வயது இருக்கும். காதில் பாட்டு. ஏறியதும் மாலையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இறுக்கிக் கட்டியிருந்தது. கத்தியால் அறுத்துக் கீழே வீசினான்.

வண்டி டிரைவர் பதறி, பூஜை மாலைப்பா, அடுத்த பூஜை வரைக்கும் எடுக்கக் கூடாது என்றார். அவன் திரும்பாமலே, அதான் ஒரு மாசம் ஆச்சுல்ல என்றான்.

புது கனெக்டர் போட்டான். அளவு எப்போதும்போல்.

மாலை என் காலடியில் விழுந்திருந்தது. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். தடத்தில் குப்பை கிடக்கக் கூடாது என்பது விதி.

நவம்பர் 10, ஞாயிறு. நாள் 1

0.

நவம்பர் 11. நாள் 2

0.

நவம்பர் 12. நாள் 3

நல்ல மழை. காற்று. 0.

தனபால் சார் மேசையைத் தட்டிவிட்டுப் போனார். "பாத்தியா?"

நவம்பர் 13. நாள் 4

0. ஏன் எரிச்சல் குறையவில்லை?

நவம்பர் 15, வெள்ளி. நாள் 6

சோதனைக்கூடத்தில் உதிரி ஆன்டெனா ஒன்று உண்டு. மதியம் யாரும் இல்லாதபோது அதைச் சுவரில் மாட்டினேன். பையிலிருந்து மாலையை எடுத்தேன்.

மாலை பக்கவாட்டில் தொங்கும்போது: ஒன்றுமில்லை. பெட்டியின் முகத்தில் விழும்போது: பாதி அலை போய்விட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நனைத்தேன். ஜிகினா முகத்தோடு ஒட்டிக்கொண்டது. நூறில் ஒரு பங்கு மிஞ்சியது.

கேன்டீன் பிள்ளையாரிடம் கடன் வாங்கிய சாமந்தி மாலை: நனைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்ற பதின்மூன்று கம்பங்கள் ஒழுங்காக இருந்ததற்கு அதுதான் காரணம். ஜிகினாவில் இருப்பது உலோகப் பூச்சு. அலைக்கு முன்னால் உலோகத்தைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பது முதல் வருடப் பாடம்.

காற்றில் மாலை முகத்தில் விழும். மழையில் ஒட்டும். வெயிலில் விலகும். ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றிவிட்டு அளவெடுத்தோம். அளவெடுத்ததும் திரும்ப மாட்டினோம். மூன்று தடவை. நானும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்து இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். 'யாரோ எடுத்து அதற்குப் போட்டார்கள்.'

யாரோ இல்லை. நான்.

பேச்சிமுத்து அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மேடம், கடைசிக் கம்பம் நீங்கதான் போடணும்" என்றார். மாட்டேன் என்றேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்றேன். அதனால என்ன மேடம், கம்பம் உங்களுதுல்லா என்றார். ஐந்து படி ஏறினேன். போட்டேன். கீழே எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவர் தேங்காய் உடைத்தார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதத்தில் அவர்கள் என்னோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் எழுதவில்லை. எனக்கு மட்டுமேயான நோட்டில்கூட.

நவம்பர் 18, திங்கள். நாள் 9

தனபால் சாரிடம் சொன்னேன். வரைபடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார், அதுதான் மோசம்.

"மாலை போனதும் கனெக்டர் மாறினதும் ஒரே நாள்ல. ரெண்டுல எது காரணம்னு எப்படிச் சொல்லுவ?"

சோதனைக்கூடத்தில் என்று ஆரம்பித்தேன். சோதனைக்கூடத்தில் ரயில் ஓடவில்லையே என்றார். ஒன்பது நாள் சுத்தமாக ஓடியிருக்கிறது, இன்னும் இருபத்தியோரு நாளைப் பேசாமல் கழி என்றார். பூஜை மாலையால் ரயில் நின்றது என்று பேப்பரில் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

எரிச்சல் என்னவென்றால், முதல் கேள்வி நியாயமானது.

நவம்பர் 20, புதன். நாள் 11

பேச்சிமுத்து அண்ணனுக்கு போன் செய்தேன். வேறு வேலை இன்னும் அமையவில்லை. மச்சானின் லோடு வண்டியில் கூடப் போய்க்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு தடவையும் மாலையை ஏன் திரும்ப மாட்டினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க போட்டதுல்லா மேடம்? மாட்டேன் மாட்டேன்னுட்டு அப்புறமா ஏறிப் போட்டீங்க. அதப் போயி நான் எப்படிக் கழட்டி எறிவேன்? காத்துல கழண்டு விழுந்துரும்னு கடைசித் தடவ இறுக்கிக் கட்டிவிட்டேன். முன்னாடி பாத்தாப்ல, நல்லா தெரியணும்னு."

அதற்கு மறுநாள் நவம்பர் 5. நாலு தடவை.

பிறகு அவர் கேட்டார். "இப்ப ரயில் நிக்காம ஓடுதா மேடம்?"

ஓடுதுண்ணா என்றேன்.

"நல்லது." வண்டிச் சத்தம். "அப்ப நாந்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன் போல."

நான் பேசவில்லை. இரண்டு நொடிக்கு மேலாகவே பேசவில்லை.

வைக்கட்டுமா மேடம் என்று கேட்டு வைத்துவிட்டார்.

நவம்பர் 21. நாள் 12

0.

நவம்பர் 24, ஞாயிறு. நாள் 15

அப்பாவின் போன். சாப்பாடு, மழை, முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகு சொன்னேன். பொட்டு வெச்சது அவங்க. மாலை போட்டது நான்.

சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நனைஞ்சப்போ எவ்வளவு டெசிபெல் குறைஞ்சுது?" என்றார்.

இருபதுப்பா என்றேன்.

"அப்போ தடத்துல திரும்பவும் போட்டுப் பாத்துதானே ஆகணும்?"

நவம்பர் 25, திங்கள். நாள் 16

தடத்தில் எந்த வேலை செய்யவும் படிவம் உண்டு. 'பணியின் தன்மை' என்ற கட்டத்தில் எழுதினேன்: கம்பம் 14-க்கு ஜிகினா மாலை அணிவித்தல். 'காரணம்': முன்பு அணிவித்தவர் நான். விளைவைச் சரிபார்க்க.

கன்ட்ரோல் ரூமிலிருந்து, மேடம் இது விளையாட்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

தனபால் சாரின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. படிவத்தை நீட்டினேன்.

"நின்னா நாள் கணக்கு மொத்தமும் போகும்."

"தெரியும் சார்."

"நிக்கலேன்னா உன் பேரு போகும்."

"நின்னாலும் என் பேருதான் சார் போகும். நானே எழுதிக் கொடுத்துட்டேன்."

வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில், 'பொறியாளரின் சொந்த வேண்டுகோளின் பேரில்' என்று சிறிய எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்திட்டார். பேச்சிமுத்து அண்ணனின் பாஸை வாங்கியபோது இவ்வளவு நேரம் ஆகவில்லை.

நவம்பர் 26, செவ்வாய். நாள் 17

காலை 11 மணி. வெயில். காற்றில்லை.

முதல் ஓட்டம், மாலை இல்லாமல். ரயில் வளைவைக் கடந்து போனது.

ஐந்து படி ஏறினேன். அறுந்த நுனிகளை முடிச்சுப் போட்டு, பெட்டியின் முகத்தில் இறுக்கிக் கட்டினேன். முன்னால் பார்த்தாற்போல். பாட்டில் தண்ணீரை ஊற்றினேன்.

இறங்கி ஓரத்தில் நின்றேன். யாரும் கைதட்டவில்லை.

ரயில் வந்தது. முன்கண்ணாடியில் ஓட்டுநர் இல்லை, வானம் மட்டும். சீராக வந்தது. நிற்காது என்று ஒரு கணம் நினைத்தேன். நிற்க வேண்டும் என்று இதற்கு முன் எந்த ரயிலையும் பார்த்து ஆசைப்பட்டதில்லை.

பிரேக் சத்தம். இருபதடி தள்ளி நின்றது. 4.1 நொடி.

போன். "நின்னுடுச்சுடி. பதினேழு நாள் போச்சு. சந்தோஷமா?"

"சந்தோஷம்கா."

"எனக்கு இடுப்பே போச்சு," என்றார். பிறகு, "அந்தாளுகிட்ட மொதல்ல சொல்லு," என்றார்.

மாலையைக் கழற்றினேன், ரயில் போனது. கட்டினேன், நின்றது. மூன்று தடவை மாற்றி மாற்றி. கனெக்டரை யாரும் தொடவில்லை.

அவருக்கு போன் செய்தேன். தப்பு உங்களுடையது இல்லைண்ணா என்றேன். யாருடையது என்றும் சொன்னேன். பிறகு, "எழுத்துல கொடுத்திருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்.

நவம்பர் 27, புதன். நாள் 1

கொடுத்தேன். பழைய அறிக்கை ரத்து. புதிய அறிக்கையில் முதல் வரியிலேயே என் பெயர்.

எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் பதில். எல்லாக் கம்பங்களிலும் எந்த மாலையும் கூடாது என்று சுற்றறிக்கையும் வந்தது. சாமந்தி பாவம்.

டிசம்பர் 3, செவ்வாய். நாள் 7

0. நோட்டீசுக்குப் பதில் அனுப்பினேன். நாலு வரி. பேச்சிமுத்து அண்ணனின் பாஸ் பற்றி மூன்று தடவை கேட்டாகிவிட்டது. 'பரிசீலனையில்'.

டிசம்பர் 9, திங்கள். நாள் 13

பேச்சிமுத்து அண்ணன் வந்தார். கழுத்தில் புதிய பாஸ். தலைக்கவசத்தைக் கொடுத்தேன். உள்ளே அவருடைய துணி, துவைத்து மடித்தது. பார்த்தார். வண்டியில் வழி நெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பம் 14. புதிய ஆள் சுற்றிய டேப்பைப் பிரித்தார். ஒரே சுற்று. அதை எனக்குக் காட்டினார். கீழே போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புது டேப்பை எடுத்தார். ஏணியிலிருந்தபடியே திரும்பி, காலையிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், எண்ணிக்கிடுங்க."

எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. டிரைவருக்கும் கேட்கும்படி, சத்தமாக.